ராத்திரி மிச்சம் வைத்த நாய்ச்சோறு... பின்னாலேயே வரும் பாம்பு!

பங்குனி பிறந்துவிட்டால் திருப்பூர் வீடுகளில் நாய் குரைக்கும் விதமே மாறிவிடும். பகலெல்லாம் வாசல்படி நிழலில் நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடக்கிற நாய், தெரு அடங்கிய பிறகுதான் எழுந்து உட்காரும். நைட் ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிப் போகும் கம்பெனி வேனுக்கு ஒரு குரைப்பு, பக்கத்துத் தெரு நாய்க்கு ஒரு பதில். இதெல்லாம் வீட்டுக்காரர்களுக்குப் பழகிப்போனது. ஆனால், தண்ணீர்த்தொட்டி மூலையையே பார்த்தபடி, முன்னே ஓரடி, பின்னே ஓரடி என்று துள்ளித் துள்ளிக் குரைத்தால் அது வேறு. ``ஏனுங்க, அது அங்கயே நின்னு கொரைச்சுட்டே இருக்குது... டார்ச்ச எடுத்துட்டு ஒருக்கா என்னன்னு பாருங்க" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

அந்த மூலையில் இருப்பது பெரும்பாலும் ஒரு தேரையாகவோ, பெருச்சாளியாகவோதான் இருக்கும். சில இரவுகளில் கீரி. சில இரவுகளில் மட்டும் பாம்பு. அந்தச் சில இரவுகளுக்கு எந்த வீடும் தயாராக இருப்பதில்லை என்பதுதான் பிரச்னை.

திருப்பூர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பனியன் கம்பெனியும், நெருக்கியடித்த லைன் வீடுகளும்தான். ஆனால், பல்லடம் ரோட்டிலோ, அவிநாசி ரோட்டிலோ நான்கு கிலோமீட்டர் தள்ளிப்போனால் வீட்டுமனைக்கு அடுத்து சோளக்காடு, அதற்கு அடுத்து வேலிமுள், அதற்கும் அப்பால் பயிர் செய்யாமல் கிடக்கும் பூமி. கிழக்கே காங்கயம் பக்கம் போனால் கிளுவை வேலி போட்ட கொரங்காடுகள். வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லுமாக, காங்கேயம் மாடுகளுக்கென்றே தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் மேய்ச்சல் நிலம் அது. மாடு மேய்வதற்கென விட்ட அந்த நிலத்தில் கௌதாரியும் முயலும் உடும்பும் பாம்பும் சேர்ந்தேதான் வாழ்ந்தன. அதில் ஒரு பகுதி சைட் பிரிக்கப்பட்டு, வீடாகவும் மில்லாகவும் குடோனாகவும் மாறியிருக்கிறது. இடம் கைமாறியது அங்கே குடியிருந்த உயிர்களுக்கு எப்படித் தெரியும்?

பெரிய விலங்கு வந்தால் ஊரே பேசும். 2022 ஜனவரியில் அவிநாசியை அடுத்த பாப்பாங்குளத்தில் சோளக்காட்டில் பதுங்கியிருந்த சிறுத்தை, சிலரைக் காயப்படுத்திவிட்டு திருப்பூர் நகரத்தை ஒட்டியே வந்துவிட்டது. கடைசியில் அம்மாபாளையம் பகுதியில் மயக்க ஊசி போட்டுத்தான் பிடித்தார்கள். அந்தச் சில நாள்கள் நாயை வீட்டுக்குள் கட்டாத வீடு இல்லை. சிறுத்தை போனதும் நாய் மறுபடி வாசலுக்கு வந்துவிட்டது. ஆனால், நாய்க்கும் பூனைக்கும் உண்மையில் ஆபத்தானது வருடம் தவறாமல் வருகிற சின்ன விருந்தாளிகள்தான்.

ஏன் பங்குனி, சித்திரையில்?

பாம்புக்குத் தன் உடல் சூட்டைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளத் தெரியாது. வெயில் ஏற ஏற அது பகல் நடமாட்டத்தைக் குறைத்து, அந்தி சாய்ந்த பிறகும் அதிகாலையிலும் இரை தேடும். பகலில் குளிர்ச்சியான இடம் வேண்டும். குளியலறைத் தண்ணீர் போகும் வாய்க்கால், துணி துவைக்கும் கல்லின் அடிப்பக்கம், தென்னை மட்டைக் குவியல், வாட்டர் டேங்க் நிழல் எல்லாமே அதற்கு ஏ.சி. அறைதான். நல்ல பாம்பு முட்டையிடுவதும் கோடையை ஒட்டித்தான். முட்டை குஞ்சாக ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். கண்ணாடி விரியன் முட்டையிடாது, குட்டியே போடும். இடையில் ஒரு கோடை மழை பெய்துவிட்டால் வளைக்குள் தண்ணீர் போய் எல்லாம் வெளியே வரும். தேரை வரும், ஈசல் வரும், அதைத் தின்ன அடுத்தது வரும்.

இந்த வரிசையில் திருப்பூர் வீடுகள் தங்கள் பங்குக்கு ஒன்றைச் சேர்க்கின்றன. பனியன் வேஸ்ட்.

வீட்டு முன்னறையில் இரண்டு பவர்டேபிள், ஒரு ஓவர்லாக் மிஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்யும் வீடுகள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. கட்டிங் வேஸ்ட்டை மூட்டை கட்டிக் கொல்லைப்பக்கம் போடுவார்கள். வேஸ்ட் எடுக்கும் வியாபாரி வருவதற்குள் பத்து மூட்டை சேர்ந்துவிடும். எலிக்கு இதைவிட வசதியான பிரசவ அறை கிடையாது. மெத்தென்று துணி, மழை படாத மறைவு, மனிதர் கை வைக்காத இடம். சாப்பாட்டுக்கு எங்கே போகும்? இரண்டடி தள்ளி நாயின் தட்டு இருக்கிறதே!

ராத்திரி எட்டரை மணிக்கு நாய்க்குச் சோறு வைப்பார்கள். வெயிலில் சோர்ந்துபோன நாய் பாதி தின்னும், மீதி அப்படியே கிடக்கும். காலையில் பார்த்தால் தட்டு சுத்தமாக இருக்கும். ``ராத்திரி எந்திரிச்சு தின்னுருக்குது" என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். தின்றது பல நேரம் எலி. எலி தினமும் ஒரே வழியாகப் போய்வரும் பழக்கம் உள்ளது. அது விட்டுச்செல்லும் வாசனைத் தடத்தைப் பாம்பு நாக்கை நீட்டி நீட்டிப் பிடித்துக்கொண்டு வரும். ஆகவே பாம்பு நாயைத் தேடி வரவில்லை. எலியைத் தேடி வந்தது. எலி நாய்ச்சோற்றைத் தேடி வந்தது. நடுவில் நாய் நின்றுகொண்டிருக்கிறது, தன் வீட்டுக்குள் யாரோ வந்துவிட்டார்கள் என்று.

வெள்ளைப்பூண்டு நசுக்கிப் போடுவது, ஃபினாயில் ஊற்றுவது, கடையில் விற்கும் `பாம்பு விரட்டி' பவுடரைச் சுற்றிலும் தூவுவது என்று நம் ஊரில் ஏகப்பட்ட வைத்தியம் உண்டு. இவற்றால் பாம்பு வராது என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. அந்த ஃபினாயிலை நக்கிவிட்டுப் பூனை சாகலாம் என்பதற்குத்தான் ஆதாரம் இருக்கிறது. எட்டு மணிக்குச் சோறு வைத்து எட்டரைக்குத் தட்டைக் கழுவிக் கவிழ்ப்பதற்குச் செலவே இல்லை. வேஸ்ட் மூட்டையைத் தரையில் போடாமல், இரண்டு செங்கல் உயரத்துக்குப் பலகை போட்டு, சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி அடுக்கினால் அடியில் டார்ச் அடித்துப் பார்க்கவாவது முடியும். குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டைக்கு ஒரு கம்பிவலை. இவ்வளவுதான் வேலை.

நாய்க்கு எதிரே படமெடுத்து நின்றால்...

இனி அந்த இரவுக்கு வருவோம். டார்ச் வெளிச்சத்தில் பாம்பு தெரிகிறது, நாய் அதைச் சுற்றிச் சுற்றிக் குரைக்கிறது.

வீட்டில் உள்ளவர்கள் செய்யும் முதல் காரியம் ஓடிப்போய் நாயைப் பிடித்து இழுப்பது. அது கூடாது. பாம்பின் எட்டும் தூரத்துக்குள் மனிதக் காலும் சேர்ந்து போய்விடும். எட்டி நின்று, நாய்க்குப் பழக்கமான வார்த்தையில் கூப்பிட வேண்டும். கத்தினால் நாய் அதை `இன்னும் விரட்டு' என்ற உத்தரவாகத்தான் எடுத்துக்கொள்ளும். சாப்பாட்டுத் தட்டைத் தட்டினால் சில நாய்கள் திரும்பி வரும். வெளியே போகும்போது எடுக்கும் சங்கிலியை ஆட்டினால் சில வரும். எதற்கும் வராத நாயின் மேல் தூரத்திலிருந்தே ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடிக்கலாம், திடுக்கிட்டு விலகும். நாய் விலகிவிட்டால் பாம்பும் போக வழி தேடும். அதற்கு ஒரு பக்கம் வழி விட்டுவிட்டு, குழந்தைகளை உள்ளே அனுப்பி, கண்ணைப் பாம்பின் மேலேயே வைத்துக்கொண்டு தீயணைப்புத் துறையின் 101 எண்ணுக்கோ, வனத்துறைக்கோ போன் செய்வதுதான் சரி. கட்டையால் அடிக்கப் போய்க் கடி வாங்கியவர்கள் நிறையப் பேர். பாம்புகளுக்கு 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் உண்டு. செத்த பாம்பின் தலைகூடக் கொஞ்ச நேரத்துக்குக் கடிக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வந்தது சாரையாக இருந்தால் விஷமே கிடையாது. எலி பிடிப்பதில் அதற்கு நிகர் இல்லை என்பதால் தோட்டத்துக்காரர்கள் அதை ஒன்றும் செய்ய மாட்டார்கள். ஆனால், பதற்றத்தில் இருட்டில் சாரைக்கும் நல்ல பாம்புக்கும் வித்தியாசம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. செல்போனில் எட்ட நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும். அதற்காகப் பக்கத்தில் போக வேண்டியதில்லை.

கடித்துவிட்டது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? நாய்க்குப் பெரும்பாலும் முகத்திலோ முன்காலிலோதான் கடி விழும். முகர்ந்து பார்ப்பதும் காலால் தட்டிப் பார்ப்பதும்தானே அதன் வழக்கம். முடிக்குள் பல் பட்ட இடம் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். கண்ணாடி விரியன் கடித்தால் சீக்கிரமே வீங்கும், கடுமையாக வலிக்கும், ஈறிலும் சிறுநீரிலும் ரத்தம் வரலாம். நல்ல பாம்பின் விஷம் நரம்பைத் தாக்கும். கண் இமை சொக்கும், எச்சில் ஒழுகும், பின்கால் தள்ளாடும், கடைசியில் மூச்சு விடும் தசைகள் நின்றுபோகும். கட்டுவிரியன்தான் மோசம். கடித்த இடத்தில் வீக்கமோ வலியோ பெரிதாக இருக்காது. `ஒண்ணும் ஆகல' என்று நினைத்துத் தூங்கப்போனால் விடிவதற்குள் கதை முடிந்துவிடும். அதனால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பாம்போடு மல்லுக்கு நின்ற நாய் என்றால், கடித்ததாகவே வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, பலரும் மறப்பது. கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட வேண்டும். முகமும் கழுத்தும் வீங்கும்போது பட்டையே நாயின் கழுத்தை நெரித்துவிடும். அப்புறம் நாயை நடக்கவோ ஓடவோ விடாமல் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பெரிய நாய் என்றால் ஒரு போர்வையின் நான்கு முனையை இரண்டு பேர் பிடித்தால் போதும். பாசமான நாய்கூட வலியில் வீட்டுக்காரரையே கடிக்கும். அதன் வாய்ப்பக்கம் முகத்தைக் கொண்டுபோகக் கூடாது.

செய்யக் கூடாதவற்றைத்தான் நம் வீடுகளில் முதலில் செய்வார்கள். கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது, ஐஸ் வைப்பது, பச்சிலை அரைத்துப் பூசுவது. இவை எதுவும் விஷத்தை நிறுத்தாது. நல்லெண்ணெயோ பாலோ வாயில் ஊற்றுவது இன்னும் ஆபத்து. விழுங்கும் தசை தளர்ந்துபோன நாய்க்கு அது நேராக நுரையீரலுக்குப் போகும். வீட்டில் இருக்கும் காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. பூனைக்குப் பாராசிட்டமால் விஷம், ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கும்.

மருந்து ஒன்றே ஒன்றுதான். பாம்புக்கடி விஷமுறிவு மருந்து. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் முறிக்கும் ஒரே ஊசிமருந்து அது. அதனால்தான் கடித்தது எது என்று தெரியாவிட்டாலும் வைத்தியம் தொடங்க முடிகிறது. மனிதருக்கும் நாய்க்கும் அதே மருந்துதான். குதிரையின் உடலில் சிறிது சிறிதாக விஷம் ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து இந்த மருந்தை எடுக்கிறார்கள். அதற்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கைத் தருவது மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978-ல் தொடங்கிய சங்கம் அது. இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2023-ல் பத்மஸ்ரீ பெற்றது பலருக்கும் நினைவிருக்கும்.

`சின்ன நாய்தானே, கொஞ்சம் மருந்து போதாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. பாம்பு ஆள் பார்த்து விஷத்தை அளந்து விடுவதில்லை. யானைக்கானாலும் பொமரேனியனுக்கானாலும் விடுகிற விஷம் அதே விஷம்தான். ஆகவே எட்டுக் கிலோ நாய்க்கும் மருந்து குறைவாகப் போதும் என்று சொல்ல முடியாது. ஒரு குப்பியோடு முடியாமலும் போகலாம். விரியன் கடியா என்று பார்க்க மருத்துவர்கள் ஓர் எளிய சோதனை செய்வார்கள். சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைப்பார்கள். உறையாவிட்டால் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று பொருள். நல்ல பாம்பு கடியில் மூச்சுத் தசைகளைத் தட்டியெழுப்ப வேறு ஊசிகளும் போட வேண்டியிருக்கும். எல்லாமே நேரத்தோடு நடந்தால், தள்ளாடிப் போன நாய் மறுவாரம் வாலாட்டிக்கொண்டு வந்துவிடும்.

2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. எந்த மருத்துவமனைக்குப் பாம்புக்கடி வந்தாலும் பதிவு செய்ய வேண்டும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்று ஆய்வு சொன்ன நாட்டில் இது மிகவும் தேவையான நடவடிக்கை. ஆனால், அது மனிதக் கடிக்கான பதிவு மட்டும். கொல்லையில் இரவோடு இரவாகச் செத்து, காலையில் வேப்பமரத்தடியில் புதைக்கப்படும் நாய் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. அந்த நாய் அன்று குரைத்ததால் உள்ளே பாயில் படுத்திருந்த குழந்தை தப்பியது என்பதும் எங்கும் ஏறுவதில்லை.

தேரையைக் கடித்துவிட்டு நுரை தள்ளும் நாய்

கோடை மழைக்கு மறுநாள் வாயில் நுரை தள்ளிக்கொண்டு, முகத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு நாய் ஓடினால் உடனே `வெறி பிடித்துவிட்டது' என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் தேரையைக் கடித்திருக்கும். தேரையின் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் மேடான சுரப்பியில் பால் போன்ற நஞ்சு உண்டு. நாயின் தலையைக் கீழே சாய்த்து, பைப் தண்ணீரை வாயின் பக்கவாட்டில் விட்டு, வெளியே வழியும்படி பத்து நிமிடம் கழுவ வேண்டும். தொண்டைக்குள் பீய்ச்சக் கூடாது. ஈறை ஈரத்துணியால் துடைத்துவிட்டால் பல நாய்கள் அரைமணி நேரத்தில் தெளிந்துவிடும். வலிப்பு வந்தாலோ, நிற்க முடியாமல் விழுந்தாலோ மருத்துவரிடம்தான் போக வேண்டும். தேரையைக் கொன்றுவிட வேண்டாம், கொசுவும் கரப்பானும் தின்கிற ஜீவன் அது.

பூனை வாயில் குஞ்சு, பூனை வயிற்றில் நூல்

நாயின் கதை கொல்லையில் என்றால் பூனையின் கதை மதில்மேல். ஊத்துக்குளி ரோட்டில் இருக்கும் நஞ்சராயன் குளம் 2022-ல் தமிழகத்தின் 17-வது பறவைகள் சரணாலயமாகவும், 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் இடம்பிடித்தது. வெளிநாட்டிலிருந்து அங்கே வலசை வந்த பறவைகள் கிளம்பிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் நம் வீட்டு முருங்கையிலும் செம்பருத்தியிலும் உள்ளூர்ப் பறவைகள் கூடு கட்டத் தொடங்கும். தையல்சிட்டு இலையை மடித்துத் தைக்கும், கொண்டைக்குருவி குரோட்டன்ஸ் தொட்டிக்குள் கிண்ணம் போல் கட்டும். பறக்கப் பழகும் குஞ்சு தரையில் தத்தித் தத்தி உட்கார்ந்திருக்கும் இரண்டு மூன்று நாள்கள்தான் பூனைக்குத் திருவிழா.

தரையில் குஞ்சைப் பார்த்ததும் எடுத்து அட்டைப்பெட்டியில் போட்டுப் பால் ஊட்டுவது தப்பு. இறகு முளைத்த குஞ்சென்றால் பக்கத்தில் தாய் நிச்சயம் இருக்கும். பூனையை இரண்டு நாள் உள்ளே அடைத்தாலே போதும். இறகு முளைக்காத குஞ்சைக் கூட்டிலேயே எடுத்து வைத்துவிடலாம். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் பேச்சு. பூனை பல் பட்ட குஞ்சோ அணில்குட்டியோ மட்டும் விதிவிலக்கு. காயம் ஊசிமுனை அளவே இருந்தாலும் பூனையின் எச்சிலில் இருக்கும் கிருமி அதைக் கொன்றுவிடும். அதற்கு மருத்துவரின் மருந்து வேண்டும்.

பூனைக்கு இந்த ஊரில் இன்னொரு எதிரி உண்டு, அது காட்டிலிருந்து வரவில்லை. நூல். கோனிலிருந்து தொங்கும் நூலோ, எலாஸ்டிக் துண்டோ ஆடினால் பூனை விளையாடும். விளையாட்டில் விழுங்கிவிடும். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் உள்நோக்கி வளைந்தவை. ஒட்டியதைத் துப்பத் தெரியாது, உள்ளே தள்ளத்தான் தெரியும். நூலின் ஒரு முனை நாக்கடியில் சிக்கி, மறுமுனை குடலுக்குள் போனால், நாடாவை இழுத்த பாவாடைபோல் குடல் சுருங்கிப்போகும். அறுவை சிகிச்சை இல்லாமல் பிழைக்காது. இரண்டு நாளாகச் சாப்பிடாமல் வாந்தி எடுக்கும் பூனையை, ஜாப் ஒர்க் வீட்டில் சாதாரண அஜீரணம் என்று விட்டுவிடக் கூடாது. வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்கினால் கையால் இழுக்கவே கூடாது, குடல் அறுந்துவிடும். சாயங்காலம் மிஷினை நிறுத்தியதும் பிசிரைப் பெருக்கி மூடிபோட்ட டப்பாவில் போடும் வீட்டில் பூனைக்கும் இந்தக் கஷ்டம் இல்லை. காலில் நூல் சுற்றிக்கொண்டு கரண்ட் கம்பியில் தொங்கும் காக்காயும் இல்லை.

நம் நாயே காட்டுமிருகமாகும் இடம்

இதுவரை சொன்னது வந்தவர்களால் வளர்ப்புக்கு ஏற்படும் ஆபத்து. மறுபக்கமும் இருக்கிறது, அதை வளர்ப்பவர்கள் பேச விரும்புவதில்லை.

கொங்குப் பகுதியில் மயில் பெருகியிருப்பது கண்கூடு. முட்டையையும் குஞ்சையும் தின்ற நரிகள் குறைந்ததையும், ஒளிந்துகொள்ளச் சீமைக்கருவேலம் பெருகியதையும் காரணமாகச் சொல்வதுண்டு. தக்காளித் தோட்டக்காரர் மயிலைத் திட்டுவார், வீட்டுமாடிக்காரர் அரிசி போட்டு வளர்ப்பார். பெண்மயில் தரையில்தான் முட்டையிடும். புதரடியில் நான்கு முதல் எட்டு முட்டை வரை வைத்து ஏறக்குறைய 28 நாள் அடைகாக்கும். சங்கிலியில்லாமல் விடப்பட்ட நாய்க்கு அது கண்ணெதிரே வைத்த விருந்து. மயில் 1963 முதல் தேசியப் பறவை, சட்டத்தில் உச்சப் பாதுகாப்பு பெற்ற இனம். `அநாதையாக் கிடந்துச்சு' என்று முட்டையை எடுத்து வந்து கோழிக்கு அடை வைப்பதும் குற்றம்தான். வனத்துறைக்குச் சொல்லிவிடுவதே வழி.

காங்கயம், வெள்ளகோவில் பக்கம் நிலைமை இன்னும் கடுமை. பட்டிக்குள் புகுந்து நாய்கள் கூட்டமாக ஆடுகளைக் கடித்துக் கொன்றதும், இழப்பீடு கேட்டு விவசாயிகள் செத்த ஆடுகளோடு போராட்டத்தில் இறங்கியதும் அண்மை ஆண்டுகளில் திரும்பத் திரும்பச் செய்தியானது. தெருநாய்கள் என்றுதான் அவற்றைச் சொல்கிறோம். அந்தக் கூட்டத்தில் பகலில் யாருடைய வீட்டுத் திண்ணையிலோ பிஸ்கட் தின்றுவிட்டு, ராத்திரி அவிழ்த்துவிடப்பட்ட நாயும் இருக்கலாம். `எங்க நாய் ஒண்ணும் பண்ணாது' என்பது ஒற்றையாக இருக்கும் நாய்க்குப் பொருந்தலாம். நான்கு நாயோடு சேர்ந்துவிட்டால் அதுவும் வேட்டை நாய்தான். கடன் வாங்கி வாங்கிய இருபது ஆட்டில் பதினைந்தை ஒரே விடியலில் இழக்கும் குடும்பத்துக்கு, கடித்தது பட்டை கட்டிய நாயா, கட்டாத நாயா என்பதில் என்ன வித்தியாசம்?

கீரியோடு சண்டை போட்டுக் காயத்துடன் வரும் நாய்க்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. வெறிநோய் நாயோடு நிற்பதில்லை, கீரி, நரி போன்றவற்றுக்கும் வரும். நாய்க்கு வருடாந்தரத் தடுப்பூசி சரியாகப் போட்டிருந்தாலும், அப்படியொரு கடி பட்டால் மருத்துவரிடம் காட்டி மறுபடி ஊசி போட வேண்டும். அந்தக் காயத்தைக் கையால் கழுவிய வீட்டுக்காரருக்குக் கையில் கீறல் இருந்தால் அவரும் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். 0, 3, 7, 28 என்று நாள் கணக்கில் போடும் ஊசியை இடையில் நிறுத்தக் கூடாது.

கடைசியாக, பகலிலேயே செய்து வைக்க வேண்டிய ஒரு வேலை. விஷமுறிவு மருந்து எல்லாக் கால்நடை மருத்துவரிடமும் எல்லா நேரமும் இருக்கும் என்று நம்பிவிட முடியாது. திரவமாக வருவதை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், விலையும் உண்டு. பாம்பு கடித்த நாயோடு நள்ளிரவில் ஒவ்வொரு கிளினிக் ஷட்டராகத் தட்டிக்கொண்டிருப்பதில்தான் பல உயிர்கள் போகின்றன. நாய்க்கு வருடாந்தர ஊசி போட இந்த மாதம் எப்படியும் போகத்தான் போகிறார்கள். போகும்போதே மூன்று கேள்வி கேட்டுவிடலாம். `பாம்புக்கடி மருந்து உங்ககிட்ட இருக்குங்களா? இல்லைன்னா பக்கத்துல யாருகிட்டங்க? ராத்திரி எந்த நம்பருக்குக் கூப்பிடறதுங்க?' அவர் சொல்லும் எண்ணையும், அரசின் கால்நடை அவசர ஊர்திக்கான 1962 எண்ணையும், 101-ஐயும் செல்போனில் மட்டும் வைக்காமல் ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொல்லைக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடலாம். டார்ச் மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் ஒட்டினால் இன்னும் நல்லது.